தண்டின் வெயில் பக்கம்

வெள்ளையைக் காட்ட வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் கறுப்பைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மைப்பேனாவால் படம் போடுகிறவர்களுக்குக் கை தானாகவே செய்துவிடும் காரியம் இது. என் கையும் செய்தது. அதனால் தலைச்சோலையில் ஒரு குடும்பத்தின் காபித் தோட்டம் போகப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஓவிய ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலை கிடைக்காமல், ஏற்காட்டில் காபிச் செடிகளை ஆராயும் ஒரு சின்ன நிலையத்தில் படம் வரைகிறவளாகச் சேர்ந்திருந்தேன். நுண்ணோக்கியில் ஒரு கண், தாளில் ஒரு கண். பூச்சியின் கால், இலையின் நரம்பு, பூஞ்சையின் தூள். நிழலைத் தேய்த்துப் பூசக் கூடாது, புள்ளி புள்ளியாகத்தான் வைக்க வேண்டும். புள்ளி நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். ஒரு வண்டின் முதுகுக்கு ஒரு பகல் முழுக்கப் புள்ளி. நடுவில் ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தாள் நமத்துப்போகும், மை பரவும். பலகைக்கு அடியில் மின்விளக்கைப் பிடித்துக் காயவைத்துவிட்டு மறுபடி குனிய வேண்டும். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள் நான். காலையில் ஒரு யோசனை, மத்தியானம் ஒரு யோசனை, சாயங்காலம் பஸ் ஏறி எங்காவது போய்விடலாம் என்று ஒரு யோசனை. புள்ளி வைக்கும்போது மட்டும் அடங்கிக் கிடந்தேன்.

எனக்கு மேலே இருந்த பூச்சி ஆராய்ச்சியாளரை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அது அவர் படித்து வாங்கிய பட்டம். மலைக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். அவரும் முதலில் விளக்கிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு டப்பாவில் மாத்திரையே வாங்கி வைத்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காபிச் செடியின் தண்டைத் துளைக்கும் ஒரு வண்டைப் பற்றி மூன்று வருடம் உழைத்திருந்தார்.

கறுப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட வண்டு. விரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். பட்டை வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு பட்டைக்குள் நுழைந்து, கட்டைக்குள் இறங்கி, உள்ளேயே சுரங்கம் வெட்டிக்கொண்டு போகும். வெளியே செடி கொஞ்ச காலம் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். பிறகு இலை மஞ்சளாகும். பிறகு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் புழுவுக்கு எந்த மருந்தும் எட்டாது.

டாக்டரம்மா உச்சி வெயிலில் செடிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வண்டு எங்கே உட்காருகிறது என்று குறித்துக்கொண்டிருப்பார். சில நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கண்டது எளிய விஷயம். வண்டு வெயிலைத் தேடி வருகிறது. தண்டில் எங்கே வெயில் படுகிறதோ அங்கேதான் முட்டை வைக்கிறது. நல்ல நிழல் இருக்கும் தோட்டம் அதற்குப் பிடிப்பதில்லை. ஆகவே நிழல் மரத்தைக் காப்பாற்றினால் காபிச் செடியைக் காப்பாற்றலாம். இதை அவர் அட்டவணைகளோடு ஆங்கிலத்தில் எழுதி எங்கோ அனுப்பியும் விட்டார்.

“அதைப் படிக்கிறவங்க யார்கிட்டயும் காபிச் செடி கிடையாது” என்றார் என்னிடம். “செடி இருக்கிறவங்களுக்கு நீ ஒரு படம் போடு.”

ஒரே ஒரு பெரிய தண்டு. தாள் முழுக்க அதுதான். அறிவியல் படத்தில் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வர வேண்டும் என்பது ஓர் ஏற்பாடு. எந்த ஊரில் எந்தப் பூச்சியை வரைந்தாலும் அதன் சூரியன் அந்த மூலையில்தான் நிற்கும். ஆகவே தண்டின் இடது பக்கம் வெளுப்பு, வலது பக்கம் இருட்டு. முட்டைகளை முதலில் வெளுத்த பக்கத்தில்தான் வைத்தேன். தாளின் வெள்ளையில் கரைந்து காணாமல் போயின. அழித்துவிட்டு வலது பக்கம் நகர்த்தினேன். கருத்த பட்டையில் அவை முத்துப் போலத் துலங்கின. முட்டை வைக்கிற வண்டு முட்டைக்குப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும். அதையும் அங்கேயே திருப்பி உட்காரவைத்து, கோடுகளை எடுப்பாகக் காட்டினேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் பார்த்தார். உணர்கொம்பின் கணுக்களை எண்ணினார். முதுகுக் கோட்டின் வளைவைச் செத்த வண்டோடு ஒப்பிட்டார். பின்னங்காலில் ஒரு முள் தப்பு என்று திருத்தச் சொன்னார், திருத்தினேன். நிழலை அவர் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் அது நிழலே இல்லை, படம் போடும் முறை.

அடியில் இரண்டு வரி: போதிய நிழல் பராமரிக்கவும், தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து நீக்கவும். சேலத்தில் அச்சடித்து வந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்வரும் எங்கள் பீல்டுமேன் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய் நாகலூர், கரடியூர், தலைச்சோலை டீக்கடைகளில் ஒட்டிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி நாகலூர் போய், என் படத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தேன். யாரோ ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மாசி மாதம். தலைச்சோலைப் பக்கம் போன பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். ஒரு திருப்பத்தில் சரிவு முழுக்க வெயில். அத்தனை நாள் முருக்கும் பலாவுமாக நிழல் மரங்கள் கவிந்து பச்சை இருட்டாகக் கிடந்த இடம். திடீரென்று வானத்தைத் திறந்துவிட்டாற்போல். காபி இலைகள் ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினதுபோல் மின்னின. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மடியில் இருந்த நோட்டில் அந்த வெளிச்சத்தை வரையப் பார்த்தேன், பஸ் குலுங்கிக் கோடு எங்கோ போயிற்று. நல்ல வெளிச்சம் என்று மட்டும் எழுதிவைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மூன்று வருட ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அந்த வெயிலைப் பார்த்து வேறெதையும் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து பீல்டுமேன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். “ஏனுங்க ஆர்ட்டிஸ்டம்மா, உங்க படத்துக்கு நொம்ப மவுசுங்க. தலைச்சோலையில ஒருத்தரு அதப் பாத்துட்டு நெழல் மரத்த எல்லாம் மொட்டையடிச்சுப் போட்டாரு.”

நுண்ணோக்கியிலிருந்து டாக்டரம்மாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. பீல்டுமேன் சிரிப்பை நிறுத்திவிட்டார். சுவரில் மாட்டியிருந்த படத்தை டாக்டரம்மா பார்த்தார். நானும் பார்த்தேன். இருட்டில் வண்டு. இருட்டில் முட்டை. வெயில் பட்ட பக்கம் சுத்தமாக, ஒன்றுமில்லாமல். குழந்தைகூடப் படித்துவிடும். நிழல்தான் ஆகாது என்று அத்தனை தெளிவாக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அன்றைக்கே போனோம். முன்னூறு செடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் அந்தத் தோட்டத்தில். நாலு வருடச் செடி. அதுவரை அந்தச் சரிவில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவர்கள், அதை விட்டுவிட்டுக் காபிக்கு மாறியிருந்தார்கள். அந்த வருடக் கடைசியில்தான் முதல் பழம் எடுக்க வேண்டும். தண்டு கட்டைவிரல் பருமன் ஆகியிருந்தது, வண்டு தேடி வரும் பருமன். கோடை மழை பெய்ததும் வண்டு பறக்கத் தொடங்கும். அதற்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. கிளை கழித்த மரம் அதற்குள் துளிர்விட்டு நிழல் கட்டாது. இந்தச் செடிகள் போனால் அவர்களுக்குக் காபியும் இல்லை, சாமையும் இல்லை.

தோட்டக்காரர் எங்களை வரவேற்று உட்காரச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். வேலை சுத்தமாக முடிந்த திருப்தி முகத்தில் தெரிந்தது. மரத்தை ஏன் கழித்தீர்கள் என்று டாக்டரம்மா தணிந்த குரலில்தான் கேட்டார்.

“படத்துல நெழல் பக்கந்தானுங்க வண்டு ஒக்காந்திருந்துச்சு. முட்டையும் அங்கயேதான். வெயில் பக்கம் ஒண்ணுங்கூட இல்லைங்க. செரி, வெயில் பட்டா வராதாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க.”

கீழே நிழல் வேண்டும் என்று எழுதியிருந்ததை யாரும் படித்துச் சொல்லவில்லையா என்று கேட்டார் டாக்டரம்மா.

“டீக்கடைக்காரரு படிச்சுத்தானுங்க சொன்னாரு.” அவர் கொஞ்சம் யோசித்தார். “எழுத்த ஆரு வேணாலும் எழுதிப்போடுவாங்க. படம் போடறவங்க கண்ணுல பாத்துத்தானுங்களே போட்டிருப்பாங்க.”

இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பற்றி இவ்வளவு பெரிய மரியாதையை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னால் நிமிர முடியவில்லை. நான் கண்ணால் பார்த்திருந்தேன். முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் பட்ட பட்டையின்மேல் அந்த வண்டு விறுவிறுவென்று நடப்பதை எத்தனை நாள் பார்த்திருந்தேன். பார்த்ததைப் போடவில்லை.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். வெள்ளை தெரிவதற்காகக் கறுப்பில் வைத்தேன் என்றும், வண்டு உண்மையில் வெயில் பக்கம்தான் வரும் என்றும் சொல்லச் சொல்ல, தோட்டக்காரர் எழுந்துபோய் வெட்டிக் குவித்திருந்த முருக்குக் கிளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் பேசினார். அதுவரை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

“அது தப்புன்னா இப்ப என்ன பண்ணோணும், அதச் சொல்லு கண்ணு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா செடி பொழைக்குமா?”

திரும்பி வரும்போது டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினார். கரடியூர்ப் பிரிவு வரைக்கும் திட்டினார். பிறகு, “முள்ளை எண்ணினேன், அதுக்கு மேல விழற வெயிலைப் பாக்கலை நான்” என்று தன்னையும் திட்டிக்கொண்டார். ஊர் வந்தபோது இருவரும் என்ன செய்வது என்று பேச ஆரம்பித்திருந்தோம்.

முதலில் படங்களைக் கிழிக்க வேண்டும். பீல்டுமேன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாகலூர் டீக்கடைக்காரர் விடமாட்டேன் என்றார். படத்தின் மேல் அவருக்கு ஆசையில்லை, அதற்குப் பின்னால் சுவரில் ஈரம் ஊறிப் பெரிய ஓதம். “கிழிச்சுட்டீங்கன்னா வர்றவங்க எல்லாம் அதையத்தான் பாப்பாங்க. வேற ஏதாச்சும் குடுத்துட்டுக் கிழிங்க” என்றார். பழைய மலர்க் காலண்டர் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் கிழித்தேன். வேறு இரண்டு தோட்டங்களில் அரிவாள் தீட்டிவைத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பீல்டுமேன் வந்து சொன்னார். நல்லவேளை, நாள் அமையவில்லை.

தலைச்சோலைத் தோட்டத்துக்குச் செய்ய இரண்டு வழி இருந்தது. பட்டையில் வெடிப்பு இல்லாவிட்டால் முட்டை வைக்க இடமில்லை. ஆகவே எல்லாத் தண்டுகளையும் தேங்காய் நாரால் தேய்த்து, தளர்ந்த பட்டையை எடுக்க வேண்டும். பச்சைப் பட்டையில் காயம் படக் கூடாது. இரண்டாவது, சுண்ணாம்பு. நிலையத்தில் இரண்டு வரிசைச் செடிக்குச் சுண்ணாம்பு பூசிப் பார்த்திருந்தார் டாக்டரம்மா. அதில் வண்டு குறைவாகத்தான் உட்கார்ந்தது. “ரெண்டே வரிசை. நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க” என்று தோட்டக்காரரின் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு அந்த அம்மாள், நிச்சயமாகச் சொல்லிப் போட்ட படத்தைத்தான் பார்த்துவிட்டோமே என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

லீவு போட்டுவிட்டு தினமும் போனேன். தேய்க்கிறவர்கள் முன்னால், சுண்ணாம்பு வாளியோடு நான் பின்னால். முன்னூறு தண்டுக்கு வெள்ளை அடிப்பதும் ஒருவகைப் படம்தான். என் பிரஷ் பிடிக்கிற கையைப் பார்த்துவிட்டு, கலியாண ஊட்டுக்கு வெள்ளையடிக்கிற ஆளாட்டப் பூசுங்க, பொட்டு வைக்காதீங்க என்று தோட்டக்காரர் சொன்னார். நான் தப்பைச் சொன்ன பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். களியும் கீரைக் குழம்பும். விரல் இடுக்கில் சுண்ணாம்பு அரித்தது.

மத்தியானங்களில் புதிய படத்தின் வரைவுகளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் உட்காருவேன். ஒரு முடிவோடு போயிருந்தேன். நான் விளக்கக் கூடாது. தாளை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதில் என்ன தெரிகிறது என்று அவர் சொல்ல வேண்டும். வாயை மூடுவதுதான் கடினமாக இருந்தது. முதல் வரைவில் மூலையில் ஒரு சூரியனை வட்டமாகப் போட்டுக் கதிர் இழுத்திருந்தேன். இது எந்தக் கட்சிச் சின்னம் என்று கேட்டார். எடுத்துவிட்டேன். அடுத்ததில் தண்டு மட்டும் இருந்தது. மேலே மரம் இல்லாமல் இந்த நிழல் எங்கிருந்து வருகிறது என்றார். மரம் வந்தது. அடுத்ததில், வெயில் பக்கத்தில் முட்டைகள். வெள்ளைத் தாளில் அவற்றைக் காட்ட நான் படாத பாடில்லை. சுற்றிலும் கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு, கண்ணாடி வைத்துப் பெரிதாக்கின மாதிரி ஒரு வட்டம். அந்த அம்மாள் தாளைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இது என்ன கண்ணு, அரிசியா?”

முட்டை என்றேன். செடியில் இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். வெடிப்புக்குள் இருக்கும், லென்ஸ் வைத்தால்தான் தெரியும் என்றேன்.

“அப்ப அது எங்களுக்கு எதுக்கு? நாங்க எங்க போயி அதப் பாக்கப் போறோம். வண்டத் தெரியும். வெயிலத் தெரியும். அதப் போடு, போதும்.”

எந்த வெள்ளையைக் காட்டுவதற்காக ஒரு சரிவின் நிழலையே இழந்தோமோ அந்த வெள்ளை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அது என் லென்ஸுக்கு வேண்டியிருந்தது. டாக்டரம்மாவின் அட்டவணைக்கு வேண்டியிருந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். தாள் லேசாயிற்று. ஒரே தாளில் இரண்டு செடிகள் நின்றன. ஒன்றின்மேல் வெயில், வெயிலில் வண்டு. மற்றதன்மேல் மரத்தின் நிழல், இலை இடுக்கில் விழும் சில்லறை வெளிச்சம், வண்டு இல்லை. அவ்வளவுதான். அதை நீட்டியதும் அந்த அம்மாள் பார்த்துவிட்டு வெளியே திரும்பி, கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் அவருக்கு அதை விளக்கத் தொடங்கினார். நான் சொல்ல நினைத்ததையெல்லாம், என் சொல் ஒன்றுகூட இல்லாமல்.

கோடை மழை வந்தது. பூ வந்தது. வண்டும் வந்தது. டாக்டரம்மா முக்காலியை அந்தச் சரிவுக்கே கொண்டுபோய்விட்டார். மத்தியானம் முழுக்க அங்கேதான். வெள்ளைத் தண்டில் கறுப்பு வண்டு உட்கார்ந்தால் தூரத்திலிருந்தே தெரிந்தது. அது அவருக்குப் பெரிய வசதி. உட்கார்ந்ததைக் கையால் பிடித்து நசுக்கியது தோட்டக்காரர்களுக்குப் பெரிய வசதி. நிறைய உட்கார்ந்தனவா என்று நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம். முட்டை வைத்திருந்தாலும் அது புழுவாகி, பட்டைக்குள் போய், வெளியே அடையாளம் காட்ட ஆறு மாதம் ஆகும். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று மூன்று முறை முடிவெடுத்தேன். மூன்று முறையும் டாக்டரம்மா புதிதாக ஏதாவது ஒரு பூச்சியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

புரட்டாசியில் பார்க்கப் போனோம். புழு போகும் வழியில் பட்டை வரிவரியாகப் புடைத்திருக்கும். கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது, கையால் தடவினால் தெரியும். சுண்ணாம்பெல்லாம் மழையில் கரைந்துபோயிருந்தது. கழித்த முருக்கு மரங்கள் ஆள் உயரத்துக்குக் கிளைவிட்டு, இலையும் பரப்பியிருந்தன. டாக்டரம்மா ஒரு வரிசை, தோட்டக்காரர் ஒரு வரிசை. அந்த அம்மாளோடு நான். அவர் குனிந்து, தண்டின் அடியைப் பிடித்து, உள்ளங்கையை அழுத்தி மேலே இழுப்பார். நின்று யோசிப்பார். அடுத்தது.

ஏழாவது செடியில் கை நின்றது. என் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் நரம்பு புடைத்தாற்போல் ஒரு மேடு. அவர் செடியில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டினார். பத்து, இருபது, முப்பது என்று செடிகள் கடந்தன. இன்னொரு கிழிசல். அதற்கப்புறம் வெகுதூரம் ஒன்றும் இல்லை. அடுத்த வரிசையிலிருந்து தோட்டக்காரர், இங்கே ஒன்று இருக்கிறது என்றார். வெயில் உச்சிக்கு வந்தபோது மேல்வரிசைகள் முடிந்திருந்தன. மொத்தம் பத்துக் கிழிசல்கள். பிடுங்கி எரித்துவிட்டால் அந்த இடத்தில் கன்று வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. நல்ல நிழலிலும் இதில் பாதியாவது போகும் என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மற்றச் செடிகளில் கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். சில கொத்துகளில் ஓரிரண்டு மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தன.

தை மாதம் பழம் எடுக்க ஆள் குறைவாகத்தான் இருப்பார்கள், நீயும் வந்துவிடு, பிரஷ் பிடிக்கிற கைக்குப் பழம் பறிக்க வராதா என்றார் அந்த அம்மாள். வருகிறேன் என்றேன். இன்னும் கீழ்வரிசை பாக்கி இருந்தது. அவர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தார். உள்ளங்கை தண்டின் அடியிலிருந்து மேலே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, திறந்துகொண்டு ஒருமுறை.

“இது நல்லாருக்குதுங்க” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தார்.